கத்தாழை நைனாவும் நானூறு முயல்களும்

ஒரு சொட்டுகூட நாக்கில் படாமல், சாராயத்தைப் பற்றிப் பேசியே ஒரு தெருவைத் தள்ளாட வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருத்தணியில், என் எதிர்வீட்டில் இருக்கிறார். கத்தாழை நைனா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

எல்லை தாண்டி ஆந்திரா பக்கம், லைசென்ஸ் வாங்கிக் கத்தாழையில் சாராயம் வடிக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. ரயில் பாதை ஓரத்தில் முள்ளும் மடலுமாய் நிற்குமே, அந்த ஆனைக்கத்தாழைதான். மடல்களைச் சீவித் தள்ளிவிட்டு நடுக்கிழங்கை வேகவைப்பது நைனாவின் வேலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர், குடிக்க மாட்டார். ஆனால் பேச ஆரம்பித்தால் மெக்சிகோவில் போய்த்தான் நிற்பார்.

"அங்க கத்தாழைக்குன்னே ஒரு அம்மன் இருந்துச்சு சார். அதுக்கு நானூறு புள்ளைங்க. அத்தினியும் முயலு! ஒவ்வொரு முயலும் ஒரு தினுசு போதை."

"நானூறா?"

"ஆங்! நம்ம முருகனுக்குத் தாய்ங்க ஆறு பேரு இல்லையா? அந்த மாதிரி கணக்குதான்."

என்ன கணக்கோ!

ஒருநாள் இருவரும் ரயிலில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மணவூர் தாண்டியதும் ஜன்னலில் பாய்ந்து, "ஐயோ, போச்சே! போச்சே!" என்று அலறினார். பெட்டியே எழுந்து நின்றது. யாரோ தண்டவாளத்தில் விழுந்துவிட்டார்கள் என்று ஓர் அம்மா அழவே தொடங்கிவிட்டார். விஷயம் இதுதான்: ஓரத்தில் ஒரு கத்தாழை பூத்தண்டு விட்டிருந்தது. "இத்தினி வருஷமா சேத்து வச்ச இனிப்பெல்லாம் தண்டுக்கு ஏறிடுச்சு சார். அதுக்கு முன்னாடி வெட்டியிருக்கணும்" என்று திருவள்ளூர் வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குப் போன தையில் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பொதட்டூர்பேட்டைத் தறிக் குடும்பம். பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஆனால் சாராயம் என்ற சொல்லே அந்த வீட்டில் ஆகாது என்று தரகர் எச்சரித்திருந்தார். முன்பு வந்த நல்ல இடங்கள் இதனாலேயே தட்டிப்போயிருந்தன. நைனாவின் மனைவி சுசீலா அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "கிழங்கு கம்பெனின்னு மட்டும் சொல்லுங்க. மெக்சிகோ பக்கம் போனீங்க, அப்புறம் சோத்துக்கும் அங்கயே போய்க்கங்க." வாய் தவறினால் கிள்ளுவதற்காக என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்.

கேசரி வந்தது, காபி வந்தது. நைனா வாயே திறக்கவில்லை. அப்போது பையனின் மாமா கேட்டார்: "ஆந்திரா பக்கம் கத்தாழையில டெக்கீலா காய்ச்சறாங்களாமே, அங்கயா வேலை செய்யறீங்க?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பெண்ணுக்குக் கல்யாணம். நான் பலமாகக் கிள்ளினேன்.

"டெக்கீலா இல்லீங்க!" என்று துள்ளி எழுந்தார் நைனா. "டெக்கீலாங்கறது அவங்க நாட்டுல ஒரு ஊரு. அந்தப் பக்கத்துல, அந்த நீலக் கத்தாழையில செஞ்சாதான் அந்தப் பேரு. எங்க கம்பெனியில வடிக்கறது நம்ம மண்ணுக் கத்தாழைங்க. வாசனையே வேற!"

உள்ளே பாத்திரம் விழுந்தது. கதவோரம் நின்ற பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.

பையனின் அப்பா காபியைக் கீழே வைத்தார். "அந்தப் பேரையே போட்டா நல்லா விக்குமே. யாரு வந்து கேக்கப் போறான்?"

"எப்படிங்க போடறது? அவங்க பாட்டன் முப்பாட்டன் குழி வெட்டி, கல்லு காய வச்சு, மண்ணு மூடி வேக வச்சு வாங்கின பேருங்க அது. நம்மளுது நல்லா இருக்குது. நம்ம பேர்லயே விக்கட்டும்."

பையனின் அப்பா தன் தொடையைத் தட்டினார். "கேட்டுக்கடா!" என்றார் மச்சானிடம். "எங்கயோ நெய்த லுங்கிக்கு எங்க ஊரு பேரை ஒட்டி விக்கறானுங்க. எத்தினி வருஷமா வயிறு எரிஞ்சிகினு இருக்கேன்! இதைப் பேச ஒரு ஆளு இன்னிக்குத்தான் கிடைச்சாரு. சாராயமோ என்னமோ, தட்டை மாத்துங்க!"

சுசீலா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நல்ல வேளை, நீங்க கிள்ளினது பத்தல."

வைகாசியில் கல்யாணம். மண்டப வாசலில் பையனின் அப்பா ஒவ்வொருவரிடமும் உரக்கச் சொன்னார்: "எங்க சம்பந்தி. சாராயக் கம்பெனியில காய்ச்சறாரு."

"காய்ச்சறது வேற ஆளுங்க. நான் வேக வைக்கறவன்" என்று ஒவ்வொரு முறையும் திருத்தினார் நைனா.

நான் அவர் எதிர்வீடு என்று, கேட்காதவர்களிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.