துல்கர்னைன் தேர்ந்தெடுத்த சேஸிஸ்

மனைவி சரி என்று சொல்லிவிட்டாள். துல்கர்னைனுக்குத் தலை கிறுகிறுத்தது.

பதினெட்டு வருஷம் ஷார்ஜாவில் வெல்டராக நெருப்போடு குடித்தனம் நடத்திவிட்டு, தென்காசிக்கு வந்து ஆறு மாதமாகிறது. வந்த நாளிலிருந்து ஒரே ஆசை. அறுபதுகளில் ஓடிய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரைப் போல, அச்சு அசலாக ஒன்றைச் சொந்தக் கையால் வீட்டிலேயே செய்ய வேண்டும். இரண்டே சீட்டு. சீசனில் அதில் ஐந்தருவிக்குப் போய் இறங்க வேண்டும். ஷார்ஜா நண்பர்களின் வாட்ஸப் குழுவில் இப்படிச் செய்வதாகச் சத்தியமே செய்து தொலைத்திருந்தார்.

மனைவி சஃப்ரினுக்கோ வேறு கவலை. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். அவளுக்கு மட்டும் துணி காயாது. ஆனி பிறந்தால் பொழுதன்னைக்கும் சாரல். நாற்காலி, ஜன்னல், கட்டில் கால் என்று வீடு முழுக்க ஈரத்துணி தொங்கும். மொட்டை மாடியில் ஒரு ஷெட் போட்டுத் தாருங்கள் என்று ஒவ்வொரு லீவிலும் கேட்டாள். ஊரோடு வந்ததும் போடுகிறேன் என்றார். வந்த பிறகு, கார் முடியட்டும் என்றார்.

ஆகவே சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டுதான் அவர் மூன்று சேஸிஸ் வரைபடங்களையும் அவள் முன்னால் விரித்தார். அவளோ ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டு, பார்க்க உட்கார்ந்தாள்.

"இதுதான் வண்டியோட எலும்புக்கூடு. இதுக்கு மேலதான் எஞ்சின், பாடி எல்லாம். முதல்ல உள்ளது ஏணி மாதிரி. ரெண்டு நீளச் சட்டம், நடுவுல குறுக்குச் சட்டம். நாலே நாள்ல முடிச்சிருவேன்."

"வேண்டாம் மச்சான். வளைவுல திருப்பினா முறுக்கிக்கிடும்."

துல்கர்னைனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது சரியான பதில்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க தூங்குத நேரம் உங்க போன்ல நீங்க பாக்குத, காரு செய்யுத வெள்ளக்காரன் வீடியோ பூராத்தையும் பாத்துட்டேன். ரெண்டாவது என்ன, முதுகுத்தண்டு மாதிரி ஒத்தக் கொழாயா? சைடுல எவனாவது இடிச்சா நம்ம கதி? அதுவும் வேண்டாம்."

"அப்ப மூணாவது? சுத்திச் சுத்திச் சின்னச் சின்னக் கொழாயா வெல்டு வச்ச கூண்டு. வேல ஜாஸ்தியாக்கும்."

"உங்க கைக்கு அதெல்லாம் ஒரு வேலையா? ஒரு போல்ட்டு இருக்கக் கூடாது. அம்புட்டும் வெல்டு. பிரிக்கவே முடியாதபடி இருக்கணும்."

பதினெட்டு வருஷமாக எந்த முதலாளியும் அவர் கையைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. துல்கர்னைனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூண்டே முடிவாயிற்று.

"எங்க வச்சு செய்யப் போறிய?"

"வாசல்லதான்."

"வாசல்லயா? தெருமுனை லேத்துப் பட்டறை பலவேசம் அண்ணாச்சி நித்தம் இந்த வழியாத்தான் போறாவ. பாத்துட்டு உங்களுக்கு முந்தி ஒண்ணு செஞ்சு நிறுத்திருவாவ."

இது துல்கர்னைனுக்கு உறைக்கவே இல்லையே! மொட்டை மாடிதான் பாதுகாப்பு என்று அன்று மாலையே அவராகவே கண்டுபிடித்தார். செய்து முடித்தால் கிரேன் வைத்து இறக்கிக்கொள்ளலாம். ஷார்ஜாவில் ஒரு போன் போட்டால் கிரேன் வந்து நிற்கும்.

வேலை நடந்தது. மேலே பார்த்து அடிக்க வேண்டிய வெல்டுக்கெல்லாம் தரையில் மல்லாந்து படுத்து அடித்து, மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. சஃப்ரின் தைலம் தேய்த்துவிட்டபடியே சொன்னாள்.

"ஆளுயரத்துக்கு நாலு கால் வச்சு, அதுமேல ஏத்தி வச்சா நின்னுக்கிட்டே செய்யலாம்லா?"

ஆளுயரத்துக்கு நான்கு இரும்புக் கால்கள் முளைத்தன. செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் ஒருநாள் எல்லாம் ஆடவே, காற்றுக்குப் பயந்து கால்களுக்கு அடியில் சிமெண்டும் போட்டார். கூண்டையும் கால்களோடு சேர்த்து வெல்டு வைத்தார். இறக்கும்போது அறுத்துக்கொண்டால் போயிற்று. சஃப்ரின் வேளாவேளைக்கு டீ கொண்டுவந்தாள். ஒருநாள் டேப் பிடித்து அகலம்கூட அளந்து கொடுத்தாள். இப்படியொரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று குழுவில் போட்டோ போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கூண்டு முடிந்தது. கிரேன் வைத்திருக்கும் வேல்ராஜை வரச் சொன்னார். அவன் பைக்கில் வந்தான், மாடிக்கு ஏறினான், தெருவை எட்டிப் பார்த்தான், சிரித்தான்.

"பாய், இந்தச் சந்துக்குள்ள காரு வரும். கிரேன் எப்படி வரும்? தலைக்கு மேல கரண்டுக் கம்பி வேற."

"ஷார்ஜாவுல இதைவிடப் பெருச எல்லாம்..."

"அப்ப ஷார்ஜாவுல வச்சு எறக்கிக்கிடுங்க."

"வேற வழியே இல்லையா?"

"ஏணி மாதிரி செஞ்சிருந்தியன்னா நாலு பேரு கயிறு கட்டி எறக்கிரலாம். ஒத்தத் தண்டுன்னா தோள்லயே தூக்கிட்டுப் போயிருவேன். இது கூண்டுல்லா! படியிலயும் போகாது, பிரிக்கவும் முடியாது. யாரு பாய் உங்களுக்கு இந்த ஐடியா குடுத்தா?"

துல்கர்னைன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஜும்மாவில் தொழுகை மட்டும்தான் ஓடியது; மனசு மாடியில் நின்றது. வெட்டிவிட வேண்டியதுதான். நான்கு துண்டாக அறுத்து இறக்கி, கீழே மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். மானம் பிழைத்துவிடும். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். ஓடியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கூண்டின் மேல் நீல நிறத் தகர ஷீட் பளபளத்தது. இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது. இரண்டு ஆட்கள் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். காலுக்குக் கால் கொடி. கொடி நிறையத் துணி. வெளியே சாரல் அடித்தது, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

"ஏட்டி, என்னதிது?"

"துணி மச்சான்."

"அது தெரியுது. என் சேஸிஸ் எங்க?"

"அது பத்திரமா இருக்கு. இனிமே துருப்பிடிக்காது."

"ஒனக்கு இது முன்னாடியே தெரியும். அளவெடுத்ததே ஷீட்டுக்குத்தான்!"

"நான் எங்க மச்சான் செஞ்சேன்? எல்லாம் உங்க கைவேலதானே."

மிஷினைச் சுவிட்சில் சொருகினார். வெட்டியே தீருவது என்று முதல் காலில் வைக்கப் போனபோது, படியேறி மூச்சு வாங்க வந்து நின்றாள் பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி. பின்னாலேயே தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் அண்ணாந்து பார்த்து வாய் பிளந்தார்கள்.

ஜாஹிரா பீவி ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"அண்ணே, எங்க மாடிக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரு போட்டுத் தாங்களேன். எங்களுக்குக் கொஞ்சம் அகலமா வேணும்."