மச்சானோடு சேர்த்து ஒரு ஜீப்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கண்ணாடிக்கடைக்காரர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏழரைக்கு ஒருமுறை ஹாரன் அடித்தார். எட்டுக்கு இரண்டு முறை அடித்தார். மாடிக் குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்ததே தவிர மச்சான் வரவில்லை.

சாவி இருந்தது, டீசல் இருந்தது, மலை மேல் மனைவி காத்திருந்தாள். ஆனால் மச்சான் வந்து பக்கத்தில் உட்காராமல் அந்த வண்டியை ஓரடிகூட நகர்த்தக்கூடாது. சட்டம் அப்படி.

மனைவி நர்ஸ். மலை மேலிருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவளை ஒரு வருஷத்துக்கு மாற்றியபோது, சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். பஸ் அடிவாரத்தோடு சரி. அதற்கு மேல் பாறை, பள்ளம், இரண்டு ஓடை. நடந்து ஏற இவருடைய முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ஜீப் இருந்தால்தான் ஆகும். உள்ளூர் ஷோரூமில் விலையைக் கேட்டார். அவர்கள் கொடுத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவியின் அண்ணனான மச்சான் குடியிருந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில். அவருடைய சம்சாரம்தான் வழி சொன்னாள்; இவர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அங்கே அதே ஜீப் பாதி விலை. இந்தப் பக்கம் கொண்டுவந்து பதிவு செய்தால் வரி என்று சொல்லி மீதிப் பாதியையும் பிடுங்கிவிடுவார்கள். மச்சான் பெயரிலேயே ஓட்டினால் வரி கிடையாது.

"ரெண்டே ரெண்டு விதிதான் தம்பி," என்று போனில் ஒரு காகிதத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். வண்டி ஓடும்போதெல்லாம் சொந்தக்காரர் உள்ளே இருக்கவேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லைக்குப் போய் முத்திரை வாங்கவேண்டும்.

ஊரில் பாதிப் பேருக்குப் பொடி எழுத்துப் படிக்கக் கண்ணாடி செய்து கொடுத்த மனுஷன், அந்தக் காகிதத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த நாட்டு எழுத்து இவருக்குத் தெரியாது. மச்சானுக்குத் தெரியும், ஆனால் அவர் எதையும் படிக்கமாட்டார். அவர்கள் வீட்டில் படிப்பது சம்சாரத்தின் வேலை. பேசுவது மச்சானின் வேலை.

மச்சான் ஜீப்போடு வந்து இறங்கியபோது இரண்டு டிரங்குப் பெட்டி, மெத்தை, கம்பளி, குடை எல்லாம் கூடவே இறங்கின. சனி ஞாயிறுக்கு வந்து போக எதற்கு இவ்வளவு என்று இவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"அவதான் கட்டிக் குடுத்தா மாப்பிள்ளை. வாராவாரம் அலைஞ்சா உடம்பு கெட்டுடும், அங்கேயே இருந்துடுங்கன்னுட்டா. உங்களுக்காக என்னையே விட்டுக் குடுத்திருக்கா."

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அன்றைக்கு ரொம்பவும் நெகிழ்ந்து போனார்.

அந்த நெகிழ்ச்சி ஒரு வாரம் தாங்கியது. மச்சானுக்கு முதுகுவலி, அதனால் கட்டில் அவருக்கு. இவர் கீழே கடையில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்கு அடியில் பாய் போட்டுப் படுத்தார். மச்சானுக்குத் தனியாகச் சாப்பிட்டால் இறங்காது, தனியாகப் படுத்தால் தூக்கம் வராது. எனவே அவர் மெத்தையும் கடைக்கு வந்து சேர்ந்தது. கட்டில் மாடியில் சும்மா கிடந்தது.

அடுத்தது ஸ்டியரிங். அந்த நாட்டு வண்டி என்பதால் அது இடது பக்கம் இருந்தது. முன்னால் போகும் லாரியை முந்தவேண்டுமென்றால் எதிரே வண்டி வருகிறதா என்று வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் மச்சான்தான் பார்த்துச் சொல்லவேண்டும். மச்சானுக்குத் தூரப்பார்வை மங்கல். ஒரு தடவை, "தாராளமா போங்க மாப்பிள்ளை" என்றார். எதிரே பஸ் வந்தது. இருவரும் வயலுக்குள் இறங்கி நின்றார்கள்.

அன்று மாலையே இவர் கடையிலிருந்த நல்ல லென்ஸாகப் பார்த்து மச்சானுக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு மச்சானுக்கு எல்லாமே தெரிந்தது. டீக்கடை, பெயர்ப்பலகை, மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த குருவி என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். தெரிந்த டீக்கடையில் எல்லாம் நிறுத்தச் சொன்னார். இரண்டு மணி நேரப் பயணம் நாலரை மணி நேரமானது.

எல்லைக்குப் போகும்போதாவது மச்சான் இரண்டு நாள் தன் வீட்டில் தங்குவார் என்று இவர் எதிர்பார்த்தார். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், வராதீர்கள் என்று அக்கா சொல்லிவிட்டாள். ஏழு மாதமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அரண்மனைக்குக்கூட அவ்வளவு நாள் ஆகாது. கவுன்ட்டரில் இருந்த அதிகாரி அம்மா மட்டும் சிரித்த முகமாக முத்திரை நோட்டுப் புத்தகத்தை வாங்கி, ஒரு குத்துக் குத்தி, "இன்னும் அந்தப் பக்கம்தானே இருக்கீங்க?" என்று மச்சானை விசாரிப்பாள். முத்திரையில் எழுத்து கிடையாது, கோப்பை மாதிரி ஒரு படம் மட்டும். அந்த நாட்டுச் சின்னமாக இருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை மலை ஏறிச் சேர்ந்தபோது பகல் ஒன்று. வழக்கம்போல மனைவியின் அறையில் இருந்த ஒரே பெஞ்சில் மச்சான் நடுவில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் கணவன், அந்தப் பக்கம் மனைவி. சின்ன வயதில் தங்கச்சிக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த கதையை மறுபடி ஆரம்பித்தார். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறோம் என்று இவர்கள் எழுந்தால், நடப்பது முதுகுக்கு நல்லது என்று அவரும் எழுந்தார்.

கடைசியில் அவர் ஓடையில் கால் கழுவப் போன நேரத்தில் அவள் பேசினாள்.

"ஆபீஸ்லேர்ந்து கேட்டிருக்காங்க. ஊருக்குத் திரும்பறீங்களா, இன்னும் மூணு வருஷம் இங்கயே இருக்கீங்களான்னு. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"திரும்பி வந்துடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"எங்க வர்றது? ஒரு வருஷத்துல நாம பத்து நிமிஷம் தனியாப் பேசியிருக்கோமா? ராப்பகலா உழைச்சு என்னைப் படிக்க வெச்சவரு. அண்ணன் முகத்தைப் பாத்துப் போங்கன்னு சொல்ல என்னால முடியாது. அதுக்கு இங்கயே இருந்துடலாம்." அவள் ஓடைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அடுத்த சனிக்கிழமை நீங்க மட்டும் வாங்க. இல்லேன்னா இங்கயே இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுடுவேன்."

அதற்குள் மச்சான் காலைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஓடையில் எத்தனை மீன் தெரிந்தது என்று சொன்னார்.

அந்த வாரம் முழுக்க கண்ணாடிக்கடைக்காரருக்கு வேலை ஓடவில்லை. ஒரு வாத்தியாருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மச்சான் வேறு, முகம் வாடியிருக்கிறதே என்று ஒரு நிமிஷம்கூட விட்டுப் பிரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை முத்திரை வாங்கும் நாள். மச்சான் குளிக்கப் போனதும், இவர் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு முதல்முறையாகத் தனியாகக் கிளம்பினார். சட்டத்தை மீறப் பயந்து ஜீப்பைத் தொடவில்லை. பஸ்ஸில் போனார்.

கவுன்ட்டர் அம்மா இவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எங்க, அவரைக் காணோம்?"

அவ்வளவுதான், இவருக்குத் தாங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்கப் பார்க்கக் கொட்டித் தீர்த்துவிட்டார். ஜீப்பை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வரி கேட்டால் கடையை விற்றுக் கட்டுகிறேன், அபராதமும் போடுங்கள் என்றார்.

"நாளைக்கு ஒரே ஒரு நாள், மச்சான் இல்லாம நான் மட்டும் வண்டி ஓட்ட அனுமதி குடுங்கம்மா. என் சம்சாரத்தை நான் தனியாப் பாக்கணும்."

அவள் முத்திரைக்கட்டையைக் கீழே வைத்தாள். பிறகு ஜன்னல் கதவைப் பாதி சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அந்த வண்டியை யார் வேணா ஓட்டலாம் சார், அந்தச் சட்டத்தை நீக்கி ரெண்டு வருஷமாச்சு, இத்தனை நாளா குத்தினது எங்க கேன்டீன் முத்திரை, உங்க மச்சான் சம்சாரம்தான், 'வீடு இப்பத்தான் அமைதியா இருக்கு, கொஞ்ச நாளைக்குக் குத்திக்கிட்டே இருங்க'ன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க."