சீவலப்பேரி அத்தையும் என் புல்வெளியும்

பச்சையாக எது முளைத்தாலும் அது என் கைராசியால்தான் முளைத்தது என்று நம்பிவிடுகிற வியாதி எனக்கு இருந்தது. தாவரவியல் வாத்தியாருக்கு வரவே கூடாத வியாதி. (கணக்கு வாத்தியாருக்கு வந்திருந்தால் யாருக்கும் சேதமில்லை.)

பாளையங்கோட்டையில் வீடு கட்டி முடித்தபோது வாசலில் ஒரு சென்ட் இடம் மிஞ்சியது. சிமென்ட் போட்டால் துணி காயப்போடலாம் என்றாள் என் மனைவி கிரேஸ். நான் கிராஃப் தாளை எடுத்துத் தோட்டத்துக்கு வரைபடம் போட்டேன். நடுவில் முட்டை வடிவத்தில் புல்வெளி, ஓரம் முழுக்க இட்லிப் பூ, மூலையில் கல் பெஞ்சு, பெஞ்சில் ஒரு ஆள்.

"இது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"வயித்தக் காணுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வாசல் மண் வெறும் சரள். அதனால் குளத்து வண்டல் ஒரு டிராக்டர் லோடு வாங்கி நிரப்பினேன். நர்சரியில் கார்பெட் புல் வாங்கி, ஸ்கேல் வைத்து அளந்து, வரிசை பிசகாமல் நட்டேன். "நெறஞ்சு வர மூணு மாசம் ஆகும் சார்" என்றார் நர்சரிக்காரர். ஐப்பசி மழை இரண்டு தரம் பெய்ததும், மூன்றே வாரத்தில் நிறைந்துவிட்டது. கரும்பச்சை, அப்படி ஒரு பளபளப்பு. சாயங்காலம் வெட்டினால் விடிவதற்குள் ஒரு விரற்கடை வளர்ந்து நிற்கும். ஒருநாள் பழுப்பு நிறத்தில் பூகூடப் பூத்தது. அதைப் படம் எடுத்து சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்குள் சர்ச் வாசலிலும் இப்படிப் புல்வெளி போடலாமே என்று பேச்சு வந்தது. கமிட்டிக் கூட்டத்தில் நான் எழுந்து இருபது நிமிஷம் விளக்கினேன். (பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் மூன்று பக்கம் அதிலேயே முடிந்துவிட்டது.)

சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்து அந்த வாசல் மணலில்தான் நடக்கும். அரிசிக்கடை ஜெபராஜ் அண்ணாச்சி ஒருவர்தான் மறுத்தார். "மணல எடுத்துட்டா அசனச் சோறு திங்க சனம் எங்க உக்காரும் சாரே?"

"புல்லுல உக்காரலாம் அண்ணாச்சி. மெத்த மாதிரி இருக்கும்."

"தாவரவியல் படிச்சவரு சொல்லுதாரு" என்று குருவானவரே தீர்ப்பு எழுதிவிட்டார். சனிக்கிழமை காலை என் புல்வெளியைச் சதுரம் சதுரமாக வெட்டி சர்ச்சுக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. என் ஒருவன் பேச்சை நம்பி ஒரு சபையே தன் மணலை விட்டுக்கொடுத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் ஏறி அத்தை வந்தார், கிரேஸின் அம்மா. வயது அறுபத்தெட்டு, அதில் ஐம்பது வருஷம் வயலில் களை பறித்தவர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. மருமகனிடம் நேராகப் பேசமாட்டார், மருமகன் செய்வதைத் தப்பு என்றும் சொல்லமாட்டார். அது மரியாதைக் குறைவு. நான் இரண்டடி தூரத்தில் நின்றாலும் சேதி கிரேஸ் வழியாகத்தான் வந்து சேரும்.

கேட்டைத் திறந்தவர் பையைக் கீழே வைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏளா கிரேசு, மாப்ளைக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான இருக்காக."

"பின்ன ஏன் வாசல் இப்படிக் கெடக்கு?"

கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்காததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பேச்சை மாற்ற, "அத்தை, நாளைக்கு இந்தப் புல்லுதான் சர்ச்சுக்குப் போகுது" என்றேன்.

அத்தை நெஞ்சில் கை வைத்து, "கர்த்தாவே" என்றார், மெதுவாக. பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் லோடு ஆட்டோ பிடிக்கக் கிளம்பினேன். ஆட்டோ கிடைக்க அலைந்து, அண்ணாச்சியையும் ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்குத் திரும்பினால், புல்வெளியைக் காணோம்.

ஒரு சென்ட்டும் கறுப்பு மண். ஒரு பக்கம் தழைக் குவியல், இன்னொரு பக்கம் கொண்டைக்கடலை அளவில் கறுப்புக் கறுப்பாகக் கிழங்குக் குவியல். கடைசி மூலையில் அத்தை சேலையைச் சொருகிக்கொண்டு குத்தவைத்திருந்தார். கையில் எங்கள் வீட்டுத் தோசைத் திருப்பி.

"அத்தை, என்ன செஞ்சிட்டிய?" என்றேன். குரல் எனக்கே அழுகிற மாதிரிக் கேட்டது.

அத்தை நிமிரவில்லை. "ஏளா, மாப்ளட்ட சொல்லு. இது கோரை."

"ஏங்க, இது கோரையாம்" என்றாள் கிரேஸ்.

"கார்பெட் புல்லுன்னு சொல்லு."

"கார்பெட் புல்லாம்மா."

"அது தனியா இருக்குன்னு சொல்லு. பதினேழு கொத்துத்தான் தேறிச்சு. சட்டியில எடுத்து வச்சிருக்கேன்."

அண்ணாச்சி குவியலிலிருந்து ஒரு தண்டை எடுத்து என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தார். "உருட்டும் வே."

உருட்டினேன். உருளவில்லை.

"மூணு பட்ட. எப்படி உருளும்?"

அந்த இடத்தில்தான் எனக்குக் கரும்பலகை கண்ணில் வந்தது. கோரைத் தண்டின் குறுக்குவெட்டு முக்கோணம் என்று இருபது வருஷமாக அதில் படம் போடுகிறவன் நான். வட்டமாகப் போட்ட பையன்களுக்கு அரை மார்க் குறைத்திருக்கிறேன். குளத்து வண்டலோடு வந்த கிழங்குக்கு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றி, ஊருக்கே படம் அனுப்பியவனும் நான்தான்.

"இத அங்கன கொண்டு நட்டிருந்தா, ஆண்டவர் திரும்ப வார வரைக்கும் சபை முழுக்கப் பிடுங்கிக்கிட்டுல்லா இருந்திருக்கும்" என்றார் அண்ணாச்சி. பிறகு குவியலைப் பார்த்து, "பத்தமடைக்கு அனுப்புனா பாயாவது முடைவான்."

"ஏளா, அண்ணாச்சிட்ட சொல்லு. பாய்க்கு இது ஆவாது. அது வேற கோரை."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமூச்சுதான். அத்தை ஒரு நாள் பிந்தி வந்திருந்தால் என் வியாதி சர்ச் வாசலில் வேர்விட்டிருக்கும். அந்த ஆறுதலில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை கிரேஸிடம் எனக்குக் காப்பி போடச் சொன்னார்.

அண்ணாச்சி பெருந்தன்மையாளர். "சனம் மணல்லயே உக்காரட்டும்னு சார் சொல்லிட்டாரு" என்று கமிட்டியில் முடித்துவிட்டார். (விஷயம் அவர் கடைக்கு அரிசி வாங்க வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதாவது எல்லாருக்கும்.) அந்த வருஷ அசனத்தில் மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி இலைக்கு முன்னால் குனிந்தபோது அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒருதரம் உருட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

இப்போது வாசலில் பாதி சிமென்ட், துணி காய்கிறது. மீதிப் பாதியில் இட்லிப் பூவும், அந்தப் பதினேழு கொத்தின் சந்ததியும். கதவுக்குப் பின்னால் ஒரு களைக்கொத்து தொங்குகிறது. "மாப்ளட்ட குடு" என்று அத்தை கிரேஸிடம் கொடுத்தது.

போன வாரம் அத்தை வந்திருந்தார். கேட்டைத் திறந்து, பையைக் கீழே வைக்காமல் வாசலை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பார்வை இட்லிப் பூவுக்கு அடியில் போய் நின்றது. அங்கே ஒரே ஒரு தளிர், கரும்பச்சையாக, பளபளப்பாக.

"ஏளா கிரேசு, மாப்ளைக்கு லேசா ஒடம்பு காயுற மாதிரி இருக்கு. என்னன்னு பாரு."