முதல்தரக் கண்ணாடி

"படம் கஞ்சியாக் கிடக்கு, வாப்பா!"

மேல்மாடியிலிருந்து மகள் இன்ஷிரா போட்ட சத்தத்தில், கீழே கடையில் நங்கூரச் சங்கிலி நிறுத்துக்கொண்டிருந்த முஹம்மது தம்பி தராசை அப்படியே விட்டு நிமிர்ந்தார். காரணம் அவருக்குத் தெரியும். காரணமே அவர்தான்.

துறைமுக வீதியில் கயிறும் பெயின்ட்டும் விற்கிறவருக்கு நுணுக்குக்காட்டியோடு என்ன கொடுக்கல் வாங்கல்? பல்கலைக்கழகம் கொடுத்த மிஷினை மகள் மேல்மாடியில் பொருத்தி, கடல் தண்ணீரில் நீந்தும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று அதைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து பேராசிரியை கமலேஸ்வரி வருகிறார். பூச்சியின் இரண்டு வாலும் இரண்டாகத் தெரிந்தால் மிஷின் திருகோணமலையிலேயே நிற்கும். மகளும் வீட்டில் நிற்பாள். இல்லையென்றால் இரண்டும் கொழும்புக்கு.

தண்ணீர்த் தட்டை மூட மகள் கண்ணாடி கேட்டபோது அவர் கொடுத்தது, ஜன்னலுக்கு வெட்டி மிஞ்சிய துண்டு. பெரிய மனுஷி வரும் நாளில் அதுவா கிடப்பது என்று வெட்கம் பிடுங்க, கொழும்பிலிருந்து உயர்ந்த கண்ணாடியொன்றை, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல், தருவித்திருந்தார். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு, ஒருவருக்கும் தெரியாமல் மாற்றியும் வைத்துவிட்டார்.

மேலே ஓடினார். திரையில் இரண்டு வாலும் ஒட்டி, வீடு கூட்டுகிற ஒரு தும்புக்கட்டையாகக் கிடந்தன.

"காத்தாடியாலதான் ஆடுது, மகள்," என்று விசிறியை நிறுத்தினார். வேர்த்துக் கொட்டியது. மகள் முகம் திருப்பிய நேரம் புதுக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். வேர்வை பட்டு, தும்புக்கட்டை மேகமானது.

"தொடாதீங்க வாப்பா! மிஷினுக்குள்ள இருக்கிற இந்தச் சின்னத் திரையைப் பாருங்க. ஒளி இதில பட்டுத்தான் போகுது. கண்ணாடி எங்கயெங்க ஒளியைக் கோணலாக்குதோ, இது அங்கயங்க எதிர்ப்பக்கமாக் கோணலாக்கிவிடும். ரெண்டும் சரிக்குச் சரி. மூடியின்ட நெளிவெல்லாம் நேத்தே இதுக்குப் பாடம்."

தராசு எந்தப் பக்கம் சாயுமென்று தெரிந்தால் மற்றப் பக்கம் விரலை வைக்கிற வித்தை. முஹம்மது தம்பிக்கு அது விளங்காத கணக்கல்ல.

"அப்ப, கண்ணாடி நல்லதா இருந்தா?"

"இது போடுற கோணல்தான் மிஞ்சும். ஆனா வாப்பா..."

'ஆனா'வுக்குப் பிறகு வந்ததைக் கேட்க அவர் அங்கே இல்லை. இரண்டிரண்டு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

பழைய துண்டு கடையில் இல்லை. காலையில் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியபோது, மீன் ஜெட்டியடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் புஷ்பவதி, வடைப் பெட்டியின் உடைந்த பக்கத்துக்குச் சின்னக் கண்ணாடி கேட்டு நின்றாள். கை தன்பாட்டில் பைக்குள் போனது. "முதல்தரச் சாமான், தங்கச்சி! பெல்ஜியம்!" என்று வாய் தன்பாட்டில் சொன்னது.

"தங்கச்சி, அந்தக் கண்ணாடியைத் திருப்பித் தாங்க. அது சரியில்லாத சாமான்," என்று அவளுடைய கடை முன்னால் மூச்சு வாங்க நின்றார்.

"காலமை பெல்ஜியம் எண்டீங்கள், முதலாளி?"

"பொய். முழுக்க நெளிவு. பாருங்க, வடையெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது!"

"அதுதானே நல்லது! நாலு வடை எட்டாத் தெரியுது. பெட்டி நிறைஞ்சு கிடக்கிற மாதிரி இருக்க, சனம் அள்ளிக்கொண்டு போகுது."

"பெட்டிக்கு நாலு பக்கமும் புதுக் கண்ணாடி தாறன்."

புஷ்பவதி அகப்பையை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள் இவ்வளவு தாறீங்கள் எண்டால் இதில என்னவோ கிடக்கு. ஏலாது."

இத்தனை காலமும் சாமானைப் புகழ்ந்து விலையை ஏற்றியவர், அன்றைக்கு இகழ்ந்தும் ஏற்றிவிட்டார். கைவசம் வேறு சரக்கு இல்லாததால் உண்மையை எடுத்து வைத்தார்.

"அது இல்லாட்டி என்ட பிள்ளை கொழும்புக்குப் போயிடும், தங்கச்சி."

அவள் எண்ணெய்க் கையாலேயே கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "இதை முதல்லயே சொன்னால் என்ன? கடை போட்ட நாளில நீங்கள் சும்மா தந்த கயிறுதான் இண்டைக்கும் என்ர கூரையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஓடுங்கோ!"

கயிறு கொடுத்தது அவருக்கு நினைவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

மேலே கமலேஸ்வரி வந்துவிட்டார். இன்ஷிரா ஜன்னலடியில் அவருக்குத் துறைமுகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் தருணம். பதுங்கிப் போய்ப் புதியதை உருவி, பழையதைச் செருகி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிமிர்ந்தார்.

இருவரும் திரும்பினார்கள். அதுவரை ஊசிமுனையாக நின்ற படம் எல்லார் கண்முன்னாலும் கஞ்சியானது.

"வாப்பா! என்ன செய்தீங்க?"

முஹம்மது தம்பி இரண்டு கையையும் நீட்டினார். ஒன்றில் கொழும்புக் கண்ணாடி. மற்றதில் வடை எண்ணெய்.

"அல்லாஹ்வே! பொத்தானை அமத்தினா இது எந்தக் கண்ணாடியையும் புதுசாப் பழகிக்கொள்ளும். நீங்க போன கையோட அமத்திட்டன். அதைச் சொல்லத்தானே 'ஆனா' எண்டனான்!"

அவள் பதறிப்போய் மறுபடி அமத்தினாள். கஞ்சி மெல்ல மெல்ல இறுகியது. தும்புக்கட்டை தெரிந்தது. பிறகு நெளிவையும் எண்ணெயையும் தாண்டி இரண்டு வாலும் தனித்தனியே துடித்தன.

"பிழை என்னுடையது, மெடம்," என்றார் முஹம்மது தம்பி. "பிள்ளையில குறையில்ல. கடையிலயே ஆகக் கேவலமான கண்ணாடி இது."

கமலேஸ்வரி தன் கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் பைக்குள்ளேயே வைத்தார்.

"மிஷினைச் சோதிக்கவெண்டு கொழும்பெல்லாம் தேடி ஒரு கெட்ட கண்ணாடி கொண்டுவந்தனான், முதலாளி; உங்கட சாமானுக்குக் கிட்டவும் அது வராது, மிஷின் இஞ்சயே நிக்கட்டும்."