குரங்கு சார் மதில்மேல் சொன்ன நல்ல சேதி

ஒருவர் நம் வயிற்றில் பால் வார்த்த அதே வாயால், அதே நிமிடத்தில், ஊர் முன்னிலையில் நம் மானத்தையும் வாங்கிவிட்டால் அவருக்கு நன்றி சொல்வதா, சண்டைக்குப் போவதா? இரண்டு மாதமாக யோசிக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், மனிதர்களைவிடக் குரங்குகளின் குடும்ப விவரம் அதிகம் தெரிந்த ஒரே ஆள் எங்கள் பக்கத்து வீட்டு குரங்கு சார்தான். பெற்ற தாயே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் குரங்கு வளர்க்கவில்லை. ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார். குரங்குகளின் மரபணுவையும் மனிதருடைய மரபணுவையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது வேலை. ஆனால் அந்த அறைக்குள் ஒரு சிம்பன்சியைக் கட்டிப்போட்டிருப்பதாக ஊரில் பாதிப் பேர் இன்றும் நம்புகிறார்கள். பால்காரர் ஜன்னலை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார்.

ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் ஒருவர் இவரைப் பார்த்து, "எலே குரங்கே, பின்னால போய் நில்லு" என்றார். இவர் முகமெல்லாம் மலர்ந்து திரும்பினார். "குரங்குன்னு பறையாதீங்க. குரங்குக்கு வாலு உண்டு. நாம வாலில்லாத வகையாக்கும். நீங்களும்தான்." விளக்கம் முடிவதற்குள் அரிசி தீர்ந்துவிட்டது. இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா வழக்கம்போல, "நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் முன்ன ஏதாவது சம்பந்தம் உண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "உண்டு. உங்களுக்கும் எங்களுக்கும் உண்டு. கொரில்லாவுக்கும் உண்டு" என்றாராம் இவர். தட்டில் பாதி நேந்திரங்காய் சிப்ஸ் இருக்கும்போதே எழுந்து வர வேண்டியதாயிற்று.

வாசகசாலை ஆண்டுவிழாவில் பேசக் கூப்பிட்டதுதான் உச்சம். அம்மா ஓணத்துக்கு வாங்கி வைத்திருந்த பாலராமபுரம் வேட்டியை எடுத்து, மார்க்கரால் அதில் ஒரு பெரிய மரம் வரைந்து தொங்கவிட்டார். தேவாங்குக்கு ஒரு கிளை, சிங்கவாலனுக்கு ஒரு கிளை. மனிதர்கள் மொத்தப் பேருக்கும் ஓரத்தில் ஒரு குச்சி. கூட்டத்தில் கலகம் வந்தது. குரங்குக்கு உறவு என்று சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுக்காரங்களையும் அந்தக் கிழக்க உள்ளவங்களையும் ஒரே கொம்புல எப்படிடே இருத்தினே?" என்பதுதான் கேள்வி. "வேற கொம்பு இல்லியே" என்று இவர் கையை விரித்தார். அந்த வேட்டியை அவர் அம்மா இன்றுவரை மூன்று சோப்பு மாற்றித் துவைத்துவிட்டார். மரம் போகவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் ரகசியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மகள் பிறந்த மூன்றாம் மாதம் அவள் இதயத்துடிப்பில் டாக்டருக்கு ஒரு சந்தேகம். மறுபடி எடுத்த ஈசிஜி நன்றாக இருந்தது. ஆனால் கூடவே செய்த மரபணுச் சோதனையில் ஒரு ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அது கெட்டதா, சும்மா கிடப்பதா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். என்னையும் சோதித்தார்கள். எனக்கும் அதே மாற்றம் இருந்தது. கணவர் மஸ்கட்டில். மாமியாரிடம் நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையின் மூக்கு கொஞ்சம் சப்பையாக இருந்தாலே 'இது யாரு வழி' என்று விசாரணை தொடங்கிவிடும். இது என் வழி. அந்த வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு, அவள் தூங்கும்போதெல்லாம் நெஞ்சில் கையை வைத்து உட்கார்ந்திருப்பேன். கேட்டால், கொசு விரட்டுகிறேன் என்பேன்.

கடைசியில் தாங்காமல் குரங்கு சாருக்கு வாட்ஸப்பில் விவரத்தை அனுப்பி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வாயைப் பொத்திய குரங்கின் படம் பதிலாக வந்தது.

செங்கல் ஊர்க் கோயிலில் மகளுக்கு முதல் சோறு ஊட்டும் சோறூண் முடிந்து, வீட்டு முற்றத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் பருப்பு விளம்பிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு மேலே முதலில் ஒரு லேப்டாப் வந்தது. பிறகு குரங்கு சாரின் தலை.

"கேட்டியா மக்கா. உனக்க பிள்ளைக்கு உள்ளது குரங்குக்கும் உண்டு."

பந்தியில் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. நான் கண்ணாலேயே கெஞ்சினேன். எனக்குக் காது கேட்கவில்லை போலும் என்று அவர் குரலை உயர்த்தினார்.

"அந்த எழுத்து. நம்ம நாட்டுக் குரங்கு எல்லாத்துக்கும் அந்த இடத்துல உனக்க குட்டிக்கு உள்ள அதே எழுத்துதான். வேறயும் நாலஞ்சு வகைக்கு உண்டு. எல்லாம் கொம்புக்குக் கொம்பு சாடிட்டு, பிள்ளை பெத்து, சுகமா இருக்கு. கெட்டதா இருந்தா அந்த வம்சம் இத்தனை காலம் நிலைச்சிருக்காது."

மாமியார் எழுந்துவிட்டார். "என்ன எழுத்து? யாரு வழி வந்தது?"

"அம்மை வழி. அவளுக்கும் உண்டு. அவ சாவாம நின்னு பருப்பு விளம்புதாளே, அதும் ஒரு தெளிவாக்கும்."

எல்லோரும் அந்தச் சாட்சியை, என்னை, திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்திருந்தால் பருப்பு வாளியோடு இறங்கியிருப்பேன்.

மாமியார் எச்சில் கையோடு மதிலருகே போனார். "எனக்க குட்டிக்கு ஒண்ணும் வராதா? உள்ளதைச் சொல்லு."

குரங்கு சாரின் குரல் அப்போதுதான் தாழ்ந்தது. "நான் கம்ப்யூட்டர்காரன் அம்மா. குரங்குக்கு ஒத்துப்போவுறது மனுஷனுக்குச் சிலப்போ ஒத்துப்போவாது. டாக்டரிட்ட இதைக் காட்டுங்க. ஆனா எனக்க குட்டியா இருந்தா, இன்னைக்கு நான் நல்லா ஒறங்குவேன்."

மாமியாரும் நானுமாகப் போய்க் காட்டினோம். டாக்டர் வேறு சிலரிடமும் கேட்டு, மற்ற விஷயங்களையும் சேர்த்துப் பார்த்து, 'பெரும்பாலும் தீங்கில்லாதது' என்று மாற்றி எழுதிக்கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியார், "இத்தனை நாள் ஒத்தைக்கே சுமந்தியா பிள்ளே?" என்றார். அந்தக் கேள்விக்கு, பந்தியில் குனிந்ததைவிட அதிகமாகக் குனிந்தேன்.

குரங்கு சாரிடம், "யாரிட்டயும் சொல்லாண்டாம்னு கேட்டேனே சார்" என்றேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "நான் யாரிட்ட சொன்னேன்? உன்னிட்டதானே சொன்னேன்." ஆபீஸ் வேலையைத் தள்ளிவைத்து, சோறுகூட நேரத்துக்கு உண்ணாமல், அவர் ஒவ்வொரு குரங்காக ஒத்துப்பார்த்த கதையை அவர் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். ஊர் இப்போது என் மகளைக் குரங்குக்குட்டி என்றுதான் கொஞ்சுகிறது. கடைக்குப் போனால் கூடுதலாக ஒரு பழம் கொடுக்கிறார்கள். தலை நிமிராமல் வாங்கிக்கொள்கிறேன்.

மகளுக்கு அடுத்த மாதம் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைச் சொல்லிவைக்கலாம் என்கிறார்கள். என் மனதில் இருப்பது குரங்கு சாரின் மடி. சபையில் உட்கார்ந்து அந்த உறவுமுறையை அவர் எங்கிருந்து விளக்கத் தொடங்குவாரோ என்று நினைத்தால் இப்போதே வியர்க்கிறது. இருந்தாலும் வெற்றிலைத் தட்டோடு மதில்வரை போய், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்பியிருக்கிறேன். உங்களில் யாராவது, சார் என்று அழைத்துப் பழகிய ஒருவரை அண்ணா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தால், அந்த முதல் தடவை எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.