கந்தப்புவின் காசுக்குப் புறூஃப்

“ஜெறோம் போன் எடுத்தவர். உங்கடை காசு புறூஃபோ எண்டு கேட்டவர்,” என்றாள் இராசமலர்.

கிணற்றடியிலிருந்து தலை துவட்டிக்கொண்டு வந்த கந்தப்பு அப்படியே நின்றார்.

“என்ன புறூஃப்?”

“எனக்கென்ன தெரியும். புறூஃப் எண்டால் பெறுமதி கூடவாம், இல்லாட்டி வெறும் வெள்ளி விலைதானாம். வியாழக்கிழமை நேரிலை வாறாராம்.”

கந்தப்பு முப்பத்தாறு வருடம் தபால் கந்தோரில் உழைத்துப் போஸ்ற்மாஸ்ரராக ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த வெள்ளி நினைவுக் காசு அது. பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை, புதிதாகப் பிறந்த பேரனுக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு. காசை உருக்கிப் பிள்ளைக்கு அரைஞாண் செய்யவேண்டும் என்பது மனைவி இராசமலரின் கட்சி. நினைவுக் காசு வெள்ளியை விடப் பல மடங்கு பெறுமதி, உருக்கினால் பாவம் என்பது கந்தப்புவின் கட்சி. நாலு நாள் வாய்ச்சண்டைக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. யாழ்ப்பாணத்தில் பழைய காசு சேர்க்கும் ஜெறோம் வந்து மதிக்கட்டும். நிறைக்குரிய வெள்ளி விலையை விட ஒரு ரூபா கூடச் சொன்னாலும் காசு அலுமாரியில். இல்லையென்றால், வெள்ளிக்கிழமைக்கு முதல் வெள்ளி, நகை செய்யும் பத்தரிடம்.

கந்தப்பு யோசித்தார். அடையாளம் காட்டாத ஒருவருக்கும் அவர் தம் காலத்தில் மணியோடர் கொடுத்ததில்லை.

“என்ரை காசுதான் எண்டதுக்கு ஆதாரம் கேக்கிறான் போலை.”

“அப்பிடித்தான் இருக்கும். விதானையிட்டைப் போங்கோ. அதுக்கு முதல் உந்தக் காசை இஞ்சை தாங்கோ, கறுத்துக் கிடக்கு. பாக்கிறவை தகரமெண்டு நினைப்பினம்.”

பழப்புளியும் சாம்பலும் போட்டு அவள் தேய்த்த தேய்ப்பில் காசு புது எவர்சில்வர் மாதிரிப் பளிச்சென்று வந்தது. அவளிடமிருந்து இவ்வளவு ஒத்தாசை கிடைத்தது கந்தப்புவுக்குப் புதினமாக இருந்தது.

ஊரார் விதானை என்று சொல்லும் கிராம சேவகர் தயாளினி, காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஐயா, ஆளுக்கு வதிவிடக் கடிதம் தரலாம். மாட்டுக்கும் தந்திருக்கிறன். காசுக்குத் தந்ததில்லை.”

“காசும் பன்னிரண்டு வரியமா என்னோடைதானே வதியுது, பிள்ளை.”

தயாளினி காசைத் திருப்பிக் கொடுத்தாள். “சரி, நிறையையாவது எழுதிக்கொண்டு வாங்கோ.”

காசோடு வந்த அட்டையில் ஓர் அவுன்ஸ் என்று இருந்தது. அவுன்ஸ் என்றால் இருபத்தெட்டு கிராம். எத்தனை ஆயிரம் பார்சல் நிறுத்த கை. ஆனால் பத்தர் அருட்செல்வனின் தராசு முப்பத்தொன்றைக் காட்டியது.

“தராசு பிழை,” என்றார் கந்தப்பு.

“மாஸ்ரர், ஊரிலை முக்கால்வாசித் தாலி இதிலை நிறுத்ததுதான்.”

“அப்ப மூண்டு கிராம் எங்கையிருந்து வந்தது?”

“வெள்ளி அவுன்ஸ் வேறை, கடித அவுன்ஸ் வேறை.”

“அவுன்ஸிலையும் ரெண்டு கட்சியோ?”

குழம்பிப்போய் மனைவிக்குப் போன் எடுத்தார்.

“கூடின மூண்டு கிராமும் ஈயமோ ஆருக்குத் தெரியும்,” என்றாள் இராசமலர். “உரைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ.”

பத்தர் காசின் விளிம்பை உரைகல்லில் நன்றாக இழுத்து, ஒரு சொட்டு அமிலமும் விட்டார். “நல்ல வெள்ளி, மாஸ்ரர்.” விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் சப்பையாகிப் போயிருந்தது.

கந்தப்பு நிறை எழுதிய துண்டோடு திரும்பி வந்ததும், தயாளினி ‘மேற்படி காசானது’ என்று எழுதத் தொடங்கிப் பேனையை வைத்துவிட்டாள்.

“நாளைக்கு வேறை ஒரு காசைக் காட்டி இதுதான் அது எண்டு ஆரும் சொன்னால்? காசிலை ஒரு அடையாளம் வேணும், ஐயா.”

மத்தியானச் சோற்றிலும் கந்தப்பு இதையே சொல்லிக்கொண்டிருந்தார். இராசமலர்தான் வழி சொன்னாள்.

“குடத்துக்கும் செம்புக்கும் பேர் வெட்டுறேல்லையோ? கலியாண வீடுகளுக்கு இரவல் போன சாமானெல்லாம் பேராலைதானே திரும்பி வந்தது. காசுக்கும் வெட்டுங்கோ.”

இத்தனை வருடம் இந்தப் புத்தியோடா குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. பத்தர் உளியை எடுத்தார். ‘ப. கந்தப்பு, தபாலதிபர், பருத்தித்துறை’ என்று வெட்டியதில் பின்பக்கம் நிரம்பிவிட்டது. அடையாள அட்டை இலக்கம் முன்பக்கத்துக்கு ஏறியது. தயாளினி இரண்டு முத்திரை குத்திக் கடிதத்தைக் கையில் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஜெறோம் வெள்ளைக் கையுறையும் பூதக்கண்ணாடியுமாக வந்து இருந்தார். கந்தப்பு முதலில் ஃபைலைத்தான் நீட்டினார்.

“புறூஃப்.”

ஜெறோம் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “காசெங்கை, அங்கிள்?”

காசைக் கையில் எடுத்தவர் அதைப் பின்பக்கம் திருப்பினார். பிறகு மெல்ல, “ப. கந்தப்பு,” என்று வாசித்தார்.

“நான்தான்.”

“அங்கிள், புறூஃப் எண்டது ஆதாரம் இல்லை. கண்ணாடி மாதிரி மினுக்கின அச்சிலை, சேகரிக்கிற ஆக்களுக்கெண்டு தனியா அடிக்கிற காசு.”

“அப்ப என்ரை காசு?”

ஜெறோம் பெயருக்கும் ஊருக்கும் நடுவில் மிஞ்சியிருந்த இடத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். “புறூஃப்தான். போன கிழமை வரைக்கும்.”

“இப்ப?”

“இப்ப முப்பத்தொரு கிராம் வெள்ளி. உரைச்சதைக் கழிச்சால் அதுவும் குறையும்.”

கந்தப்பு காசைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், இரண்டு முத்திரையையும் பார்த்தார். எந்த இடத்தில் பிழைத்தது என்று பிடிபடவில்லை. எல்லாம் முறைப்படிதானே நடந்தது.

இராசமலர் தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் காசை எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்தாள். “பத்தர் கடையிலை நிப்பார். நான் ஒருக்காப் போட்டு வாறன்.” சொல்லி முடிக்கும்போதே படலையைத் தாண்டிவிட்டாள்.

“தம்பி,” என்றார் கந்தப்பு. “புறூஃப் எண்டால் என்னவெண்டு போனிலையே ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னனானே, அங்கிள். கழுவாதேங்கோ, உரைக்காதேங்கோ, கீறாதேங்கோ எண்டு நான் சொல்லச் சொல்ல, அன்ரி மூண்டையும் திருப்பிக் கேட்டு எழுதியெல்லோ எடுத்தவா.”