லிப்ட் மேடமும் மூக்குப்பொடிப் பரீட்சையும்

காரைக்காலில் புயல் எச்சரிக்கைக்கு அசராத பெண்கள் நிறைய உண்டு. லிப்ட் மேடத்தின் குரலுக்குக் கைகால் உதறாத பெண் ஒருத்தி கூடக் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கழுத்தில் சிலுவை, கக்கத்தில் சுருட்டிய துண்டு, தொண்டையில் மீன் ஏலம் போடுகிற குரல். பெற்ற தாயிடம் கூடச் சொல்லக் கூசுகிற விஷயத்தை நடு பஜாரில் நிறுத்தி விசாரிப்பார்.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டது என் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு. தும்மினால் சொட்டியது. இருமினால் சொட்டியது. சிரித்தால் கேட்கவே வேண்டாம். துபாயிலிருந்து வீடியோ காலில் வரும் கணவர் தமாஷ் பண்ண ஆரம்பித்தாலே பட்டென்று போனை வைத்துவிடுவேன். "என்ன புள்ள, எம்மேல கோவமா?" என்று மனுஷன் வாய்ஸ் மெசேஜில் புலம்புவார். கர்ப்பப்பையே இறங்கிவிட்டதோ, அறுத்து எடுத்துவிடுவார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே நடுக்கம். பயத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் தொழுகையில்தான். கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்துகொண்டுதான் தொழ வேண்டும். ஒரு சொட்டு இறங்கினாலும் ஒளு முறிந்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று எனக்குத் தெரியும், மனசு கேட்க வேண்டுமே! நெற்றியைத் தரையில் வைத்திருக்கும்போது ஒரு இருமல் வந்தால் போதும், எழுந்து ஓடி மறுபடி ஒளு, மறுபடி தொழுகை. நோன்பு மாதத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஒரு பெரிய வீட்டுக் கூடத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்று தராவீஹ் என்கிற இரவுத் தொழுகை தொழுவார்கள். அந்த வரிசையில் என்மேல் வாடை அடித்துவிட்டால்? தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே முடங்கினேன்.

"ஒனக்கு மட்டும் நோன்போட சேர்ந்து தலவலியும் பொறந்துடுதே" என்றார் மாமியார். அவர் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கடைசியில் முட்டி வலி என்று பொய் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிப்ட் மேடம் என் முட்டியை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாழாய்ப்போன இருமல் வந்தது.

"இருமுனது வாயி. கால ஏம்மா பின்னிக்கிட்டீங்க?"

"சும்மாதான் மேடம்."

"சும்மா யாரும் பின்ன மாட்டாங்க. சொட்டுதா?"

திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்றது. எனக்கு மூச்சே நின்றது.

அன்றே டாக்டரம்மாவிடம் இழுத்துப் போய்ச் சோதிக்க வைத்தார். பிறகு பாடம். "இடுப்புக்கு அடியில தூளி கட்டுன மாதிரி தசை இருக்கு. கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாம் அதுலதான் ஒக்காந்திருக்கு. புள்ள பெத்ததுல அது தளந்து போச்சு. மூத்திரத்த அடக்குற மாதிரி உள்ள இழுங்க. லிப்ட் கெளம்புது... மொதல் மாடி... ரெண்டாவது மாடி... மூச்ச அடைக்காதீங்க! இப்ப மெதுவா கீழ எறக்குங்க. முழுசா எறக்கணும், நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கக் கூடாது."

நிஜ லிப்டில் ஏறவே பயந்து படியேறுகிறவள் நான்.

அதற்குப் பிறகு பஜார் பக்கம் போவதே கண்டமாகிவிட்டது. ஒருநாள் கிளிஞ்சல்மேட்டு மீன்கார அக்கா கூடையைத் தூக்கப் போகையில் மேடம் ஓடி வந்தார். "கீழ இறுக்கிட்டு, மூச்ச விட்டுக்கிட்டே தூக்குங்க! வயித்த முக்கித் தூக்காதீங்க!"

"மீனு வாங்க வந்தீங்களா மேடம், மானத்த வாங்க வந்தீங்களா?" என்றார் அக்கா.

மேடத்தின் பார்வை அப்படியே என் பக்கம் திரும்பியது. துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டு, வாங்கிய மீனையும் விட்டுவிட்டு ஓடினேன். மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த மீன்கார அக்கா எனக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் பயிற்சியை வெறியோடு செய்தேன். சமைக்கும்போது, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது, எந்நேரமும் லிப்ட்தான். ஆனால் சொட்டுவது கூடியது. சரி, ஆபரேஷன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, அழுத முகத்தோடு போய் நின்றேன். வயிற்றில் கை வைத்துச் செய்யச் சொன்ன மேடம் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேல ஓட்டச் சொன்னா இத்தன நாளா லிப்ட்ட அஸ்திவாரத்துக்கு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க!"

பிரசவ அறையில் "முக்கு, முக்கு" என்று கத்தினார்களே, அதே பழக்கத்தில் மூச்சை அடக்கிக் கீழே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வயித்துல என்ன கட்டு?"

"தொப்ப விழாம இருக்க மாமி பழைய சேலையால கட்டி விட்டாங்க."

"இவ்வளவு இறுக்கமாவா? மேலேர்ந்து அமுக்குனா கீழதானே எறங்கும்? அவுருங்க. தண்ணி ஒழுங்கா குடிக்கிறீங்களா? குடிக்கலன்னா மூத்திரப்பை இன்னும் எரிச்சலாயி அவசரப்படுத்தும்."

"கர்ப்பப்பைய எடுத்துடுவாங்களா மேடம்?" என்று கேட்டேன்.

அன்றுதான் முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது. "டாக்டரம்மா பாத்துட்டாங்கல்ல? ஒண்ணும் எறங்கல. தசைதான் பலமில்ல. மாசக்கணக்குல செய்யணும். பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பயந்துக்கிட்டே செய்யுங்க."

அப்படியேதான் செய்தேன். பல மாதங்கள் கழித்து மேஜை டிராயரிலிருந்து மூக்குப்பொடி டப்பா ஒன்றை எடுத்தார். பரீட்சையாம். தும்மல் வரும் என்று தெரிந்ததும் இறுக்க வேண்டும், அப்புறம்தான் தும்ம வேண்டும். இது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்காது. முதலில் மீன்கார அக்கா. அவர் தும்மலில் திரைச்சீலை ஆடியது. அடுத்து நான். மாற்று உடுப்புப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தும்மினேன். அசையாமல் நின்றேன். ஒன்றும் இல்லை.

"சொட்டல! சொட்டவே இல்ல!" மேடம் கைதட்டிக் கத்தியது காரிடார் முழுக்கக் கேட்டது. பெஞ்சில் மறுபடி பேச்சு நின்றது.

கொஞ்ச நாளில் அவரைக் கேரளக் கரையில் இருக்கும் மாஹேவுக்கு மாற்றிவிட்டார்கள். புதுச்சேரி அரசாங்க வேலையில் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குத் தூக்கிப் போடுவது சகஜம். இனி சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பேன் என்று புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த நோன்பில் கூடத்துக்குப் போனேன். ஓடுவதற்குத் தோதாகக் கடைசி வரிசையில் வாசலோரம் நின்றேன். நெற்றி தரையில் இருக்கும்போது இருமல் வந்தது. பயத்தில் காது அடைத்தது. உள்ளே இழுத்துப் பிடித்து இருமினேன். ஒளு முறியவில்லை. எல்லோரோடும் சேர்ந்து கடைசிவரை தொழுதேன்.

கையேந்திக் கணவருக்கு, பிள்ளைகளுக்கு, மாமியாருக்குக் கேட்டேன். பிறகு, மாஹேயில் யாரையோ மிரட்டிக்கொண்டிருக்கும் அந்த மனுஷியையும் நல்லா வச்சிரு ரப்பே என்று கேட்டேன். பதற்றத்தில் அவருடைய நிஜப் பெயர் வாயில் வரவில்லை. லிப்ட் மேடம் என்றுதான் சொன்னேன். அவனுக்குத் தெரியும்.